ஷீட்டைக் கடைசியாகத் தேர்ந்தெடுங்கள்

எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் உட்காரும் முன்பே, "சதுர அடி என்ன விலை?" என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் நேராக வண்ண அட்டையைக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். செங்கல் நிறமா, பச்சையா என்று மாமியாரும் மருமகளும் பேசி முடிக்க ஒரு டீ ஆறிவிடும். விலையும் நிறமும் கடைசியில் பேச வேண்டியவை. தகரக் கூரையைக் கீழிருந்து மேலாக வாங்க வேண்டும்: முதலில் ஊர், அடுத்து கூரையைத் தாங்கும் சட்டம், அப்புறம் ஷீட்டுக்கு அடியில் விடும் இடம், ஷீட் அதற்கும் பிறகு.

உடுமலைப் பக்கம் வெல்டிங்கும் கூரை வேலையும் செய்யும் பட்டறை எங்களுடையது. மேலே ஏறுவது என் வீட்டுக்காரரும் வேலைக்கு இருக்கும் பையன்களும். அளவெடுத்து மதிப்பீடு போடுவது, சரக்கு வந்தால் எடை பார்த்து இறக்குவது, "அக்கா, ஒழுகுகிறது" என்று விடியற்காலையில் வரும் போனை எடுப்பது எல்லாம் என் பாடு. அதனால் கூரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி புகார்களின் வழியாக வந்தது.

உங்கள் ஊர் எந்தப் பக்கம்?

கொங்கு நாடு முழுவதற்கும் ஒரே கூரை சரிப்படாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் வட்டாரத்தை வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை விடாமல் அடிக்கும். இத்தனை காற்றாலைகளை இங்கே சும்மா நட்டுவைக்கவில்லை. ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு நிழலும் தென்மேற்கு மழையும் சேர்ந்து, ஷீட்டின் வடக்குச் சாய்வில் பாசியே பிடிக்கும். கரூர், ஈரோடு பக்கம் சூடுதான் முதல் எதிரி. கோபி, சத்தியமங்கலத்தில் சித்திரையில் வரும் கோடை மழைச் சூறை ஒரே மாலையில் வாழைத் தோட்டத்தைப் படுக்கவைத்துவிடும். அதே காற்றுதான் பக்கத்துத் தோட்டத்துச் சாளை வீட்டின் கூரை மேலும் அடிக்கிறது.

நம்மிடம் இல்லாத ஒன்று கடல் உப்பு. இணையத்தில் படித்துவிட்டு "அலுமினியம் போட்டால்தான் துருப்பிடிக்காதாம்" என்று வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். அலுமினியம் நல்ல பொருள். ஆனால் அது கடற்கரைக்காரர்களின் பிரச்சினைக்கான மருந்து. அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசை இங்கே வேறு இரண்டு இடங்களில் செலவழித்தால் பலன் அதிகம். ஒன்று சட்டம், மற்றொன்று வெப்பத் தடுப்பு.

காற்று கீழே தள்ளுவதில்லை, மேலே இழுக்கிறது

மங்களூர் ஓடு வேய்ந்த கூரையில் சதுர மீட்டருக்கு ஓட்டின் எடை மட்டுமே 30 கிலோவுக்கு மேல் வரும். ஷீட்டின் எடை 4 கிலோ சொச்சம். ஓடு தன் கனத்தில் உட்கார்ந்திருக்கிறது; ஷீட்டைப் பிடித்து வைத்திருப்பது ஸ்க்ரூ. ஓட்டு வீட்டை இறக்கிவிட்டு அதே பழைய சுவரில் ஷீட் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கூரைச் சட்டத்தைச் செங்கல்லில் ஆணி வைத்து நிறுத்தினால் போதாது. சுவர் உச்சியில் கான்கிரீட் பட்டை போட்டு, அதில் போல்ட் புதைத்து, அதன்மேல் சட்டத்தை இறுக்க வேண்டும். பழைய மண்சாந்துச் சுவராக இருந்தால் பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

ஐஎஸ் 875 என்னும் இந்தியத் தர விதியின் மூன்றாம் பகுதி கோவைக்கு வினாடிக்கு 39 மீட்டர் என்று அடிப்படைக் காற்று வேகத்தை வைத்திருக்கிறது. மணிக்குக் கணக்கிட்டால் 140 கிலோமீட்டர். சென்னைக்கு 50 மீட்டர். சென்னையைவிடக் குறைவு என்று திருப்திப்பட வேண்டாம். வெட்டவெளித் தோட்டத்தில் தனியாக நிற்கும் வீட்டுக்கு மறைப்பு எதுவும் கிடையாது.

காற்று கூரைமேல் ஓடும்போது ஷீட்டை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. அந்த இழுப்பு மூலைகளிலும், இறவாணம் என்கிற கீழ் ஓரத்திலும், முகட்டை ஒட்டியும் அதிகம். நடுவில் குறைவு. ஆகவே, ஷீட்டைத் தாங்கிக் குறுக்கே ஓடும் சட்டமான பர்லினை எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் வைப்பது சோம்பேறித்தனம். 0.50 மி.மீ. ஷீட்டுக்கு நாங்கள் நடுப்பகுதியில் 4 அடிக்கு ஒரு பர்லினும், இறவாணத்தையும் முகட்டையும் ஒட்டிய இடைவெளியில் 3 அடிக்கு ஒன்றும் வைக்கிறோம். ஸ்க்ரூவும் அப்படித்தான்: ஓர வரிசைகளில் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று, நடுவில் மேடு விட்டு மேடு. சுவருக்கு வெளியே ஷீட் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருப்பது ஓரடிக்கு மேல் வேண்டாம். நிழலுக்காக அதிகம் வேண்டுமென்றால் சட்டத்தையும் சேர்த்து நீட்டுங்கள். முன்பக்கம் திறந்த தாவாரமும், கார் நிறுத்தும் கொட்டகையும் இன்னும் மோசம். காற்று உள்ளே புகுந்து அடியிலிருந்தும் தூக்கும். அங்கே பர்லினை நெருக்குங்கள்.

இன்னொரு சங்கதி, காசு செலவில்லாதது. முகடு கிழக்கு மேற்காக ஓடும் வீட்டில் ஷீட் விரிப்பதைக் கிழக்கு முனையில் தொடங்கச் சொல்லுங்கள். அடுத்தடுத்த ஷீட் முந்தையதன் மேல் ஏறி, மேற்கு முனையில் முடிய வேண்டும். அப்போது பொருத்தின் வாய் கிழக்கு பார்த்து இருக்கும்; ஆடிக் காற்று அதன் முதுகைத் தடவிக்கொண்டு போகும். மாற்றி விரித்தால் காற்று ஒவ்வொரு வாயிலும் விரல் விட்டுப் பார்க்கும், மழையும் கூடவே நுழையும். வேலைக்கு வருகிறவர்கள் ஏணி எங்கே சாத்தியிருக்கிறதோ அங்கே தொடங்குவார்கள். பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.

சாய்வுக்கு எளிய கணக்கு: 6 அடி ஓட்டத்துக்கு 1 அடி ஏற்றம். மேடு பள்ளமாக வரும் சாதாரண ஷீட் இதற்குக் குறைந்த சாய்விலும் தண்ணீரை விட்டுவிடும். ஆனால் சாய்வு இருந்தால்தான் தூசியும் வேப்பிலையும் மழையில் கழுவிப் போகும். ஓடு போலத் தோற்றம் தரும் ஷீட் என்றால் இதைவிட அதிகமாகவே கொடுங்கள், குறுக்கே உள்ள படிகளில் தண்ணீர் தயங்கும்.

சூடு

பங்குனி, சித்திரையில் மதியம் 2 மணிக்கு வெறும் ஷீட்டின் கீழே நின்றால் உச்சந்தலையில் சூடு இறங்குவது தெரியும். அறைக்குள் இருக்கும் காற்றின் சூடு அதில் கொஞ்சம்தான். ஷீட்டின் அடிமுகம் நேராக உங்கள்மேல் கதிர் வீசுகிறது. மின்விசிறியை எவ்வளவு வேகமாகச் சுற்றவிட்டாலும் போகாததற்குக் காரணம் அதுதான்.

நிறத்தைப் பற்றி இப்போது பேசலாம். புது வெள்ளைப் பூச்சு, விழும் வெயிலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். கரும்பச்சையும் அடர் காப்பி நிறமும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே வாங்கிக்கொள்ளும். எல்லோரும் ஆசைப்படும் செங்கல் நிறம் இரண்டுக்கும் நடுவே, சூட்டின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அடர் நிறத்திலும் வெயிலைத் திருப்பும் தனி வகை நிறமிகள் கலந்த பூச்சு கிடைக்கிறது. சாதாரண அடர் நிறத்தைவிட மேல், ஆனால் வெள்ளைக்கு ஈடில்லை. "வெள்ளை அழுக்காகத் தெரியுமே" என்பார்கள். மொட்டைமாடியில் ஏறி நின்று உங்கள் கூரையைப் பார்க்கப்போவது மயில் ஒன்றுதான். தெருவிலிருந்து தெரியும் முன்சாய்வு மட்டும் செங்கல் நிறத்திலும், மேற்கு வெயில் வாங்கும் பின்சாய்வு வெள்ளையிலும் போட்டுக்கொடுத்த வீடுகள் உண்டு. யாரும் குறை சொன்னதில்லை.

வண்ணம் பூசாத பளபளப்பான வெள்ளி நிற ஷீட் ஏமாற்றும். வெயிலை நன்றாகத்தான் திருப்புகிறது. ஆனால் வாங்கிய கொஞ்சச் சூட்டை வானத்துக்குத் திருப்பிவிடும் குணம் அதற்கு மிகக் குறைவு. வெள்ளை வண்ணம் பூசிய ஷீட் அதை எளிதாக விட்டுவிடும். குடியிருக்கும் வீட்டுக்கு வண்ணம் பூசியதுதான்.

ஆனால் நிறம் செய்வது பாதி வேலை. மீதியைச் செய்வது ஷீட்டுக்கும் தலைக்கும் நடுவில் நீங்கள் வைப்பது. இங்கே மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் சுத்தமான வேலை, சீக்கிரம் முடியும். 50 மி.மீ. தடிமன் வீட்டுக்கு நன்றாகப் போதும். ஆனால் அந்த நுரை தீயில் எரியும், புகை நச்சு. விறகடுப்பு வைத்திருக்கும் சமையற்கட்டுக்கு மேலே நாங்கள் அதைப் போடுவதில்லை. நன்றாகக் கேட்டு வற்புறுத்தினாலும் போடுவதில்லை.

இரண்டாவது, ஷீட்டின் அடியில் 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளி விரித்து, அதன் கீழ் ஓர் உள்கூரை. எனக்குப் பிடித்தது இதுதான். மழைச் சத்தமும் பாதியாகக் குறையும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீட்டில், ஐப்பசி மழை தகரத்தில் விழும்போது படிக்கிற அவஸ்தையை யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை.

மூன்றாவது, வெள்ளித்தாள் ஒட்டிய குமிழி ஷீட். விலை குறைவு என்பதால் அதிகம் விற்கிறது. அதன் பளபளப்பு முகத்துக்கு எதிரே குறைந்தது ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். ஷீட்டோடு ஒட்டிப் போட்டு, கீழே பலகையையும் அதோடு ஒட்டி அடித்துவிட்டால் நீங்கள் வாங்கியது வெறும் பிளாஸ்டிக்.

எதைப் போட்டாலும் உள்கூரைக்கும் ஷீட்டுக்கும் நடுவே உள்ள காற்று வெளியேற வழி வேண்டும். இறவாணத்தில் உள்ளே வர ஒரு திறப்பு, முகட்டில் மழை புகாத ஒரு திறப்பு. இரண்டிலும் அணில் புகாத கம்பி வலை. சுழலும் டர்போ வென்டிலேட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஆடியில் அது பம்பரமாகச் சுற்றும், யாருக்கும் தேவையில்லாத நேரத்தில். சித்திரை மதியம் காற்று அசையாத நேரத்தில் சோம்பிவிடும். முகட்டுத் திறப்புக்குக் காற்றே தேவையில்லை, சூடு தானாக மேலேறிப் போய்விடும்.

கோவை, திருப்பூர் நகரத்து வீடுகளில் கான்கிரீட் மாடிக்கு மேல் ஷீட் பந்தல் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. நான்கு பக்கமும் திறந்திருப்பதால் அதற்கு வெப்பத் தடுப்பு வேண்டாம். மாடித் தளம் வெயில் படாமல் இருந்தாலே கீழ் அறைகள் அடங்கும். அங்கே காற்றுக்கான பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள், உயரம் கூடக் கூட இழுப்பும் கூடும்.

மழை பெய்யாத நாளில் ஒழுகும் கூரை

மார்கழியிலும் தையிலும் எனக்கு வரும் போன்கள் ஒரே மாதிரி இருக்கும். விடியற்காலை 5 மணி, கட்டில்மேல் சொட்டுகிறது. நான் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி மழை பெய்ததா அம்மணி?" பெய்யவில்லை என்றால் அது ஒழுக்கு இல்லை, வியர்வை.

தெளிந்த வானத்தின் கீழ் ஷீட் இரவெல்லாம் தன் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. அதிகாலையில் சுற்றியுள்ள காற்றைவிடவே குளிர்ந்துவிடும். வீட்டுக்குள்ளிருந்து மேலேறும் ஈரக்காற்று அதன் அடிமுகத்தில் பட்டதும், குளிர்ந்த தண்ணீர் நிறைத்த சொம்பின் வெளிப்புறம் போல, முத்து முத்தாகப் படியும். முத்துகள் சேர்ந்து சாய்வில் வழிந்து, முதல் பர்லினில் தடுக்கிச் சொட்டும். அதனால்தான் ஈரத் தடம் பர்லின் நெடுகக் கோடு போட்டதுபோல இருக்கும். உண்மையான ஒழுக்காக இருந்தால் ஒரு ஸ்க்ரூவின் அடியிலோ ஷீட் பொருத்திலோ ஓரிடத்தில் இருக்கும்.

நாலு பேர் மூச்சு, வெந்நீர் அடுப்பு, காலை 6 மணிக்கு ஏறும் இட்லிப் பானை எல்லாமே இந்த ஈரத்துக்குக் கணக்கு. சமையற்கட்டு, குளியலறையின் புகைபோக்கி விசிறிகள் சுவரைத் தாண்டி வெளியே விட வேண்டும். உள்கூரைக்கு மேலே விட்டுவிட்டு மறந்துபோகும் மின்வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். கம்பளி ஷீட்டின் அடியோடு ஒட்டி இருக்க வேண்டும். அதன் வெள்ளித்தாள் முகம் கீழே, அறையைப் பார்த்து இருக்க வேண்டும். இணைப்புகளை அதற்கென்று உள்ள வெள்ளித்தாள் டேப்பால் ஒட்டுங்கள். ஒட்டாமல் விட்ட ஒவ்வொரு இடுக்கிலும் ஈரம் ஏறி, கம்பளி நனைந்து தொங்கிவிடும். நனைந்த கம்பளி சூட்டைத் தடுக்காது.

இப்போது ஷீட்

முன்பெல்லாம் துத்தநாகம் மட்டும் பூசிய ஜிஐ தகடு. இப்போது வீட்டுக்கு எல்லோரும் போடுவது கால்வால்யூம் வகை: எடைக்கணக்கில் 55 சதவீதம் அலுமினியம், 43.4 துத்தநாகம், 1.6 சிலிக்கான் கலந்த பூச்சு. அலுமினியம் வெயில் மழையைத் தாங்கும். துத்தநாகம் வெட்டிய ஓரங்களைத் துருவிடமிருந்து காக்கும். பூச்சின் அளவை 'ஏஇசட் 150' என்பார்கள். இரண்டு முகமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 150 கிராம் என்று பொருள். வீட்டுக்கு இதற்குக் குறைந்து வாங்காதீர்கள். 70, 100 என்றெல்லாம் வருகிறது, கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

தடிமனில் இரண்டு கணக்கு உண்டு. இரும்பின் தடிமன் மட்டும் ஒன்று, உலோகப் பூச்சோடு சேர்ந்த மொத்தத் தடிமன் மற்றொன்று. ஏஇசட் 150-இல் இரண்டுக்கும் 0.04 மி.மீ. வித்தியாசம். விலை சொல்கிறவர் எதைச் சொல்கிறார் என்று கேளுங்கள். இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மேல் வண்ணம் ஏறுவதால் மைக்ரோமீட்டர் வைத்து அளந்தாலும் வாதம் வரும். நான் செய்வது எடை போடுவது. எடையில் வாதம் கிடையாது.

சுருளாக வரும் தகட்டின் அகலம் பொதுவாக 1220 மி.மீ. அதை மேடு பள்ளமாக நெளித்ததும் அகலம் 1070 அளவுக்குச் சுருங்கும். ஆனால் எடை 1220-க்கு உரியதுதான். மொத்தத் தடிமன் 0.50, பூச்சு 150 என்றால் 12 அடி நீள ஷீட் ஒன்று ஏறக்குறைய 17 கிலோ இருக்க வேண்டும். 0.45 என்றால் 15 சொச்சம். வண்டி வந்து நின்றதும் கட்டுக்கு நடுவிலிருந்து ஒன்றை உருவி எங்கள் தராசில் வைப்போம். தராசு இல்லாதவர்கள் பக்கத்துத் தேங்காய்க் களத்திலோ, பருத்தி மண்டியிலோ வைத்துப் பார்க்கலாம். சிரிப்பார்கள், பரவாயில்லை. 0.50 என்று எழுதிய கட்டில் ஷீட் ஒன்றுக்கு ஒன்றரை, இரண்டு கிலோ குறைந்தால் அது 0.50 இல்லை.

அகலத்திலும் ஒரு கண் வையுங்கள். 1070 அகலத்துக்குக் காசு வாங்குவார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியபின் அது மூடுவது 1000 அளவுதான். மதிப்பீடுகளை ஒப்பிடும்போது கூரையின் பரப்புக்கா, ஷீட்டின் பரப்புக்கா என்று கேட்காமல் "அவர் விலை குறைவு" என்று சொல்லாதீர்கள்.

வண்ணப் பூச்சில் சாதாரண பாலியெஸ்டர், சிலிக்கோன் கலந்தது, அதிக நாள் உழைக்கும் 'சூப்பர் டியூரபிள்' வகை, பிவிடிஎஃப் என்று விலை ஏறும். தோட்டத்துக் கொட்டகைக்கு முதலாவது போதும். குடியிருக்கும் வீட்டுக்கு மூன்றாவது என் தேர்வு. பிவிடிஎஃப் நிறம் மங்காமல் இருக்கும், நம் வீட்டுக் கூரைக்கு அவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை. வண்ணம் பூசிய அலுமினிய-துத்தநாக ஷீட்டுக்குரிய தர விதி ஐஎஸ் 15965; சுருளின் எண்ணோடு சோதனைச் சான்றிதழ் கேட்டால் நல்ல வியாபாரி தருவார்.

ஷீட்டைக் கெடுப்பவை பெரும்பாலும் பக்கத்தில்தான் இருக்கும். ஈரச் சிமெண்ட் சாந்து இந்தப் பூச்சைத் தின்றுவிடும். சுவரோடு சேரும் இடத்தில் கொத்தனார் சாந்து அப்ப வந்தால் தடுத்து, தகட்டு மடிப்பும் சீலண்டும் வைக்கச் சொல்லுங்கள். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து வடியும் தண்ணீரும் ஷீட்மேல் விழக்கூடாது. மாட்டுக் கட்டுத்தறியிலும் கோழிப் பண்ணையிலும் எழும் அமோனியாவுக்கு இந்தப் பூச்சு தாங்காது. உற்பத்தியாளர்களின் உத்தரவாதமும் அங்கே செல்லாது. கட்டுத்தறியை ஒட்டி வீட்டுக் கூரையை நீட்டாதீர்கள். வார்ப்பட ஆலைப் பக்கத்து வீடுகளில் இரும்புத் தூள் படிந்து புள்ளி புள்ளியாகத் துருக்கறை தெரியும். ஷீட் துருப்பிடித்ததாகப் பயப்படாமல் கழுவிவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி கிரைண்டர். அறுப்புச் சக்கரம் ஓரத்துப் பூச்சைச் சுட்டுவிடும். பறக்கும் பொறி வண்ணத்தில் ஒட்டி, அடுத்த மழையில் துருப்புள்ளியாகும். தகட்டுக் கத்தரியிலோ, தகட்டைக் கொறித்து வெட்டும் நிப்ளரிலோதான் வெட்ட வேண்டும். கூடுமானவரை இறவாணத்திலிருந்து முகடு வரை ஒரே நீளத்தில் வாங்கிவிட்டால் வெட்டும் வேலையும் குறையும், குறுக்குப் பொருத்தும் இருக்காது. 10 மீட்டர் ஷீட் விடியலுக்கும் மதியத்துக்கும் நடுவே 6 மி.மீ. வரை நீளும். மாலையில் அது சுருங்கும்போது டக்கென்று சத்தம் வரும். புது வீட்டுக்காரர்கள் பயந்துபோய்க் கூப்பிடுவார்கள்.

ஸ்க்ரூவில் மிச்சம் பிடிக்காதீர்கள்

நல்ல ஷீட்டை வாங்கிவிட்டு மலிவு ஸ்க்ரூ போட்டால் முதலில் போவது அதுதான். ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் ஏற வேண்டும், தண்ணீர் ஓடும் பள்ளத்தில் கூடாது. ஈபிடிஎம் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். இறுக்கியபின் ரப்பர் உலோகத் தொப்பியின் ஓரத்துக்குச் சமமாகவோ மயிரிழை அளவு வெளியேயோ தெரிவது சரியான அளவு. வெளியே பிதுங்கிச் சுருண்டிருந்தால் அதிகம்; இரண்டு கோடையில் ரப்பர் வெடித்துவிடும். தளர்ந்து சுழன்றால் குறைவு. மேட்டில் குழி விழும் அளவுக்குத் துளைப்பானை அழுத்துகிற பையனைக் கீழே இறக்கிவிடுங்கள். அன்றைக்கு மாலையே இரும்புத் துருவலைத் துடைப்பத்தால் கூட்டி இறக்கிவிட வேண்டும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டையைக் கழற்றிவிட்டு மாற்றுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோய் வரை கொண்டுபோகும். உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முழு அட்டையாக இறக்குங்கள். பிள்ளைகளை அன்றைக்குப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வேலையை மாசியிலோ பங்குனியிலோ முடித்துவிடுவது நல்லது. ஆடியில் விரித்த ஷீட்டைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்பது உயிருக்கு ஆபத்து. அந்த மாதத்தில் யார் அவசரப்படுத்தினாலும் நாங்கள் பெரிய கூரை ஏறுவதில்லை. முதல் ஆடி கழிந்ததும் ஒருமுறை ஓர வரிசை ஸ்க்ரூக்களைத் தொட்டுப் பார்க்க ஆளை ஏற்றுங்கள். ஐப்பசிக்கு முன் முகட்டு வலையையும் மழைநீர்க் கால்வாயையும் சுத்தம் செய்து, தென்னை மட்டை, வேப்பஞ்சருகு கிடந்தால் தள்ளிவிடச் சொல்லுங்கள். ஏறுகிறவர் வெறுங்காலோடோ ரப்பர் செருப்போடோ, பர்லின் ஓடும் கோட்டில் ஸ்க்ரூ வரிசையைப் பார்த்து மிதிக்க வேண்டும்.